எட்டுப் பேருக்கான புளியோதரை

ஆகஸ்ட் 21, புதன்

எழுந்ததும் முதல் வேலையாகப் புளியை ஊறப்போட்டேன். பல் துலக்கியதே அதற்குப் பிறகுதான். புதன்கிழமை என்றால் அலுவலகத்தில் எட்டுப் பேர் என் சம்புடத்துக்காகக் காத்திருப்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராகி ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமாகப் புதன்தோறும் என் புளியோதரைதான். வெறும் எழுத்தராக இருந்த காலத்திலும் கொண்டுபோயிருக்கிறேன். அப்போது யாரும் இவ்வளவு ரசித்ததாக நினைவில்லை. வயது ஏற ஏறத்தான் கை பக்குவப்படும் போலிருக்கிறது.

ஹேமலதா இன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். "மேடம், இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது" என்றாள். நல்ல பெண். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு கேட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

இவர் வழக்கம்போல மாங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டார். புளியோதரைக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் ஒரே மனிதர் திருச்சி மாவட்டத்தில் இவராகத்தான் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து மகன் பேசினான். ஹாஸ்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறதாம். அப்படிச் சொல்லும் மாணவனையும் நான்தான் பெற்றிருக்கிறேன்.

மாலையில் உறையூரிலிருந்து அண்ணி போன் செய்தார். இவருடைய அக்கா வளர்மதி. அவர் மகள் ரஞ்சனிக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குளித்தலையில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. பெண் வீட்டார் ஏழு வகைச் சாதம் கொண்டுபோக வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம்.  ரஞ்சனிக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா போய்விட்டார். அதன் பிறகு தையல் மிஷினை மிதித்தே அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அண்ணி. மகள் திரும்பி வந்து மூன்று நான்கு மாதம் கூட இருக்கப் போகிறாள் என்பதே அவருக்குத் தீபாவளி.

சமையலுக்குப் பக்கிரிசாமி என்று ஒரு மாஸ்டரைப் பேசியிருக்கிறாராம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணி வீட்டுக்குப் போயிருந்தோம். ரஞ்சனி தங்கப்போகும் அறைக்கு வெளிர்ப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார். புதுக் கட்டில், ஜன்னலுக்குக் கொசுவலை. தொட்டில் கட்டக் கொக்கிகூட மாட்டியாயிற்று.

பக்கிரிசாமியின் பேச்சு வந்தபோது நான் சொல்லிவிட்டேன். கூலிக்குச் சமைக்கிறவர் கையும் தாய்மாமன் வீட்டுக் கையும் ஒன்றாகுமா? ஏழு வகையையும் நானே செய்கிறேன்.

அண்ணி தையல் துணியைக் கீழே வைத்தார். "நூத்தியிருவது பேரு, அரசி. வெளையாட்டு இல்ல."

வாராவாரம் எட்டுப் பேருக்குச் செய்கிறேன், அதுவே பெரிதாகப்போகிறது, அவ்வளவுதானே என்றேன். அண்ணி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறியில் பார்க்க ஒன்றுமில்லை. அது ஓடக்கூட இல்லை.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று மூன்று முறை சொன்னார் அண்ணி. எவ்வளவு அடக்கமான மனுஷி. எனக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறார். கடைசியில் ரஞ்சனிக்கே போன் போட்டேன். "அத்தை செய்யறேன்டா, பக்கிரிசாமி வேண்டாம்" என்றேன்.  "உங்க இஷ்டம் அத்தை" என்றாள். நெகிழ்ந்துபோய்விட்டாள்.

ஆகஸ்ட் 28, புதன்

மதிய இடைவேளையில் கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். என் கணக்கு எட்டுப் பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி வரும். நூற்றிருபதை எட்டால் வகுத்தால் பதினைந்து. அரிசி, புளி, மிளகாய், உப்பு, பெருங்காயம், எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் பதினைந்தால் பெருக்கிவிட்டால் தீர்ந்தது. மாஸ்டர்கள் இதைத்தான் பெரிய வித்தை மாதிரி காட்டிக்கொள்கிறார்கள். ஏழு வகைக்கும் ஏழு தாள் அச்செடுத்துக் கோப்பில் போட்டேன். நேரத்துக்குத் தனியாகப் பத்தி வைக்கவில்லை. புளிக்காய்ச்சல் இருபத்தைந்து நிமிடம் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

பக்கிரிசாமிக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். மனுஷர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சோறு வடிக்க எத்தன ஆளும்மா வச்சிருக்கீங்க?"

நான் வடிப்பதே இல்லை, அளவாகத் தண்ணீர் வைப்பேன் என்றேன்.

 "நல்லபடியா செய்யுங்கம்மா" என்று வைத்துவிட்டார். தொழில் போகிற வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 31, சனி

முப்பது பேருக்கு ஒருமுறை செய்து பார்க்கலாமே என்றார் இவர். ஒத்திகை தெரியாதவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கின. அண்டாவுக்குள் நான் உட்கார்ந்து குளிக்கலாம். கரண்டிகள் துடுப்பு மாதிரி இருக்கின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். தோள்பட்டையில் ஏதோ சொடுக்கியது. ஆயின்மென்ட் போட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் வளைகாப்பு விஷயத்தைச் சொன்னேன். ஹேமலதா கையைத் தட்டினாள். "குளித்தலைக்காரங்க குடுத்து வச்சவங்க மேடம்" என்றாள். கோபிநாத் இன்றும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டான். மனைவிக்குப் பல் வலி, நாளைக்கு வரமாட்டானாம்.

இவர் இன்று இரண்டு தடவை வண்டிக்குக் காற்றடிக்கப் போனார். இரண்டாம் தடவை திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று. அந்த டயரை மாற்றினால் என்ன என்று கேட்டேன். மாற்றத்தான் வேண்டும் என்றார்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தொன்றில் பதினான்கு வாயைப் பிளந்துகொண்டன. கடை மாவு சரியில்லை. நாளைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நாளைக்கு மாவு வேலை கிடையாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இரவு. தோள்பட்டை வலிக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

அதிகாலை நான்கு மணிக்குக் கொல்லையில் அடுப்பு பற்றவைத்தோம். ஏழு வகைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ அரிசியை ஒரே அண்டாவில் போட்டேன். ஐந்தே காலுக்கு மூடியைத் திறந்தபோது மேலே அரிசி அரிசியாகவே இருந்தது, அடியில் தீய்ந்த வாசனை. தண்ணீர் ஊற்றினேன். ஆறு மணிக்கு மேலேயும் நடுவிலும் களி, அடியில் கரி. துடுப்பு நட்டபடி நின்றது. கையை எடுத்த பிறகும் நின்றது.

புளிக்காய்ச்சல் வேறு கதை. பதினைந்து மடங்கு தண்ணீர் இருபத்தைந்து நிமிடத்தில் வற்றுமா? வற்றவில்லை. வாயில் விட்டுப் பார்த்தால் சப்பென்று இருந்தது. உப்புப் போட்டேன், மிளகாய்த்தூள் போட்டேன். மறுபடி சப்பென்றிருந்தது, மறுபடி போட்டேன். அதன் பிறகு அது வற்ற ஆரம்பித்தது. வற்ற வற்ற, நான் போட்டதெல்லாம் அப்படியே உள்ளே நின்றது.

ஏழு மணிக்கு வண்டிச் சாவியை எடுத்தார் இவர். டயரா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே மூடி கட்டிய ஏழு தூக்குகள். ஓட்டுநர் பக்கத்தில் பக்கிரிசாமி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோளில் துண்டு. கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நட்டு நின்ற துடுப்பைப் பார்த்தார். வேன் பக்கம் போய்விட்டார். நான் வேண்டாம் என்று சொன்ன அன்று மாலையே இவர் அவருக்குப் போன் செய்து, வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காற்றடித்ததெல்லாம் அதற்குத்தான்.

அண்ணி வந்து வேனில் ஏறிக்கொண்டார். குளித்தலை போனோம். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ரஞ்சனி குங்குமப்பூ நிறப் புடவையில் அழகாக இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்.

சாதங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தன. புளியோதரை மட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யார் செய்தது என்று யாரோ கேட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. சாப்பிட்ட பிறகு ரஞ்சனிக்கு இரண்டு முறை வாந்தி. இப்படி இருக்கிறவளைக் காரில் ஏற்ற வேண்டாம், இரண்டு நாள் கழித்து அனுப்புகிறோம் என்றார் அவள் மாமியார் சௌந்தரவல்லி. நியாயம்தான்.

அண்ணி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மிச்சம் இருந்த புளியோதரையை இவர் சாப்பிட்டார். ஊறுகாய் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

என்னுடைய புளியோதரையிலும் ஒரு சம்புடம் மீந்திருந்தது. காலையில் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். கழுவுதொட்டியில் துப்பிவிட்டேன். நாக்கு எரிந்தது, காது அடைத்தது. அந்தச் சம்புடத்தை மூடி அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். ஏன் எடுத்துப்போனேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதத் தோன்றவில்லை.

"திங்கள்லயே புளியோதரையா மேடம்" என்று வந்தார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வருடத்தில் முதல் முறையாகப் பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் சம்புடத்தை.

கோபிநாத் முதல் வாய் போட்டதும் கண்ணை மூடினான். ரசித்து மூடுகிறவர்கள் அவ்வளவு இறுக்கி மூடுவதில்லை. இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை முழுதாகக் குடித்தார். ஹேமலதாவுக்குக் கண்ணில் நீர் கோர்த்துவிட்டது. கர்சீப்பால் ஒற்றிக்கொண்டே, குரலில் ஒரு பிசிறுகூட இல்லாமல் சொன்னாள்:

"மேடம், இந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது."

அதே சொற்கள். அதே ஏற்ற இறக்கம்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். புதன், வியாழன் இரண்டு நாள் விடுப்பு. இந்தச் சாதத்தைத் தின்றதற்கு ஒரு வாரமே கொடுத்திருக்கலாம். இரண்டு நாள்தான் கேட்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இவரிடம் கேட்டேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

செய்தித்தாளை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். "கல்யாணமாகி மூணாவது வாரம்."

"ஏன் சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன் அரசி."

எனக்கு நினைவில்லை என்றேன். அவர் விவாதம் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் விவாதம் செய்யாமல் இருப்பதை என் சமையலுக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் வெளியே போனதும் பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். 2002. ஜூலை மாதத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "குழம்பில் புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தியோ என்கிறார். இவருக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது. அக்கா சமையலிலேயே வளர்ந்தவர். போகப்போகத் திருத்திவிடலாம்." அதன் கீழே, வேறொரு நாளில், பெருமையாக: "பதினொரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி வாயைத் திறக்க மாட்டார்."

திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று அலுவலகத்தில் வேலை குறைவு. விடுப்புப் பதிவேட்டையும் என் நாட்குறிப்பையும் அருகருகே வைத்துத் தேதிகளை ஒப்பிட்டேன். மூன்று பக்கம் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். தணிக்கைக்கு வருகிறவர்கள்கூட அதற்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

ஹேமலதாமேல் முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். எனக்கு முன்னால் கண்காணிப்பாளராக இருந்த அம்மாள் ஓய்வு நேரத்தில் பாடுவார். அவர் பாடும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். ஒருமுறை "இன்னொண்ணு பாடுங்க மேடம்" என்றும் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் எனக்குப் பிரசவ விடுப்பு வேண்டியிருந்தது.

செப்டம்பர் 14, சனி

அண்ணி போன் செய்தார். ரஞ்சனியை அனுப்பவில்லையாம். வாந்தி நின்றுவிட்டது. ஆனால் இரண்டு நாள் வயிறு எரிந்து டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். "தாய்வீட்டுச் சமையல் இப்படி இருந்தா பிள்ளைத்தாச்சிய எப்படிங்க அனுப்பறது, பிரசவம் இங்கயே ஆகட்டும்" என்று சௌந்தரவல்லி சொல்லிவிட்டாராம். தன்மையாகத்தான் சொன்னாராம். மாப்பிள்ளையும் அம்மா சொல்வதற்குத் தலையாட்டிவிட்டாராம்.

இதையெல்லாம் அண்ணி எனக்கு ஒரு தகவல் மாதிரிச் சொன்னார். கடைசியில் "அந்தக் கட்டில் வாங்குன கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு தம்பிய விசாரிக்கச் சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

எட்டாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். சுருக்கமாக எழுதுகிறேன் என்று தொடங்கியிருக்கிறேன். எதைச் சுருக்கினேன் என்பதுதான் விஷயம். விட்டதை இன்று எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிப்பதில்லை. எனக்கே பொய் சொல்லி எழுதுவதற்கு நல்ல காகிதத்தை வீணாக்கியிருக்க வேண்டாம்.

விட்டது ஒன்று. பக்கிரிசாமி ஏழு வகையும் கொண்டுவந்திருந்தார். அவருடைய புளியோதரையும் அதில் ஒன்று. இவரும் ஓட்டுநரும் வாழையிலைக் கட்டை எடுக்க முன்பக்கம் போயிருந்தார்கள். பக்கிரிசாமி தெருக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் அவருடைய புளியோதரைத் தூக்கை இறக்கிக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். என்னுடையதை, வீட்டிலிருந்த மூன்று குக்கரில் அவசரமாக வைத்த சாதத்தில் அந்தப் புளிக்காய்ச்சலைக் கலந்து நிரப்பி வைத்திருந்ததை, அந்த இடத்தில் ஏற்றினேன். தூக்குகள் ஒரே மாதிரி. மூடியைக் கட்டிய துணி மட்டும் வேறு. தோளில் வலி உயிர் போயிற்று. ஆனாலும் ஏற்றினேன். ஏழில் ஒன்றாவது என் கையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ருசி பார்த்தேனா? பார்த்தேன். உறைப்பு கொஞ்சம் தூக்கல், சூடு ஆறினால் அடங்கிவிடும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை இவர் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டது கதவுக்குப் பின்னால் இருந்ததைத்தான். அது எப்படி அங்கே வந்தது என்று அவர் கேட்கவில்லை.

விட்டது இரண்டு. ரஞ்சனியின் தட்டில் ஏழு சாதமும் வைத்தார்கள். அவள் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்தாள். புளியோதரையை வாயில் போட்டதும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அது என்ன பார்வை என்று தெரிந்தது. ஹேமலதா முகத்தைப் பார்த்த திங்கட்கிழமைக்கு ஒரு நாள் முன்பே தெரிந்தது. அத்தை செய்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டில் இருந்த அத்தனையையும் தின்று முடித்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. எனக்காக.

விட்டது மூன்று. பேச்சு வேறு பக்கம் போகவில்லை. சௌந்தரவல்லி பந்தியின் நடுவில் வந்து நின்று, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஆறு சாதம் அமிர்தமா இருக்கு. இந்தப் புளிச்சோறு மட்டும் யார் கைங்க?"

நான் அப்போது டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிரம்பிய டம்ளரிலும் ஊற்றினேன். எனக்கு எதிரில் நின்றிருந்த அண்ணி என் கையைப் பார்த்தார், பிறகு சௌந்தரவல்லியைப் பார்த்தார்.

"நான்தாங்க சம்பந்தி. சரியா தூக்கமில்ல, கை தவறிப்போச்சு."

தம்பி வீட்டை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னார். அந்த ஒரு வரிக்கு இப்போது மகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எதிரில் நின்ற நான் வழிந்த தண்ணீரைத் துடைக்கத் துணி எங்கே என்று விசாரித்தேன்.

எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது இந்த வாரம் தெரிந்த விஷயம். அதைவிட நம்பிக்கையாக என்னைப்பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்று உண்டு. நான் நேர்மையானவள், தவறு செய்தால் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்கிறவள் என்று. அலுவலகத்தில் இருபது பேருக்கு அதைப்பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 18, புதன்

புளியோதரை கொண்டுபோகவில்லை. கேன்டீனில் எலுமிச்சம் சாதம் வாங்கிக்கொண்டேன். ஏன் கொண்டுவரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவர்கூட.

இன்று அரைமணி முன்னதாகவே எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

வேலை முடிந்து நேராக உறையூர் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அண்ணி தைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மல் துணியில் சட்டைகள், முடிச்சுப் போடும் நாடா வைத்து. பன்னிரண்டு தைத்து முடித்து அடுக்கியிருந்தார். "இங்க போட்டா என்ன, அங்க போட்டா என்ன, குடுத்தனுப்பிடலாம்" என்றார். பச்சை அறையின் கதவு சாத்தியிருந்தது. கட்டிலைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம். அண்ணியே போய் விசாரித்திருக்கிறார்.

ரஞ்சனி தினமும் பேசுகிறாளா என்று கேட்டேன். பேசுகிறாள், மாமியார் பக்கத்தில் இருப்பதால் அதிகம் பேச முடியவில்லை என்றார். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சம்பந்தி சொல்றது தப்பில்ல அரசி. நம்ம கைய நம்பி அனுப்ப அவங்களுக்கு பயமா இருக்குமில்ல."

நம்ம கை.

வாயைத் திறந்தேன். அவர் கொடுத்த காபி டம்ளர் கையில் இருந்தது. "காபி நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

அண்ணி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். என் சமையலைப் பற்றி எனக்கே தெரிந்துவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரியாது. இன்னொரு டம்ளர் போட உள்ளே போனார்.

செப்டம்பர் 21, சனி

அண்ணியிடம் சொல்வதில் பயனில்லை என்று இன்றுதான் உறைத்தது. அவர் தெரிந்துதானே தன்மேல் போட்டுக்கொண்டார். அவரிடம் போய் அழுதால் என் முதுகைத் தடவிக்கொடுப்பார். நான் லேசான மனதோடு வீட்டுக்கு வருவேன். கட்டில் காலியாகவே கிடக்கும். தெரிய வேண்டியது சௌந்தரவல்லிக்கு.

சாயங்காலம் உட்கார்ந்து, அந்த அம்மாளிடம் என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியதில் "வழக்கமாக நான் நன்றாகத்தான் சமைப்பேன்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அடித்தேன். இரண்டாவதில் அந்த வரி "அலுவலகத்தில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுவார்கள்" என்று வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தது. அடித்தேன். மூன்றாவதில் பழியை அண்டாமேல் போட்டிருந்தேன். நான்காவது தாளில் இப்போது இவ்வளவுதான் இருக்கிறது: "புளியோதரை என் கை. மாஸ்டர் செய்ததை இறக்கிவிட்டு அதை ஏற்றியதும் நான். அண்ணி அதைத் தொடவேயில்லை. ரஞ்சனி அங்கே சாப்பிடப் போவது அவள் அம்மா சமையலை. நான் அந்த வீட்டு அடுப்புப் பக்கம் போகமாட்டேன்." படித்துப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் நான் எழுதியவற்றில் ஒரு திருத்தமும் தேவைப்படாத முதல் கோப்பு.

அந்த அம்மாள் என்ன சொல்வார் என்று தெரியாது. நாலு தெருவுக்குச் சொல்லிச் சிரிக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொய் சொன்னதாக அண்ணியையும் சேர்த்துத் திட்டலாம். மனசு இரங்கிப் பெண்ணை அனுப்பவும் செய்யலாம். அனுப்பிவிடுவார் என்று எனக்குள் ஒரு குரல் உறுதியாகச் சொல்கிறது. அந்தக் குரலின் கணிப்புகளை இந்த மாதம் நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே எதையும் எதிர்பார்க்காமல் போகிறேன்.

காலை ஆறரைக்குக் கரூர் பஸ். குளித்தலையில் இறங்கி நடந்துவிடலாம். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட வருவார், வந்தால் எனக்கு வலிக்காத மாதிரி அவரே பேசி முடித்துவிடுவார். அண்ணியிடமும் சொல்லவில்லை, தடுத்துவிடுவார். கர்ப்பிணியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று சற்று முன் எழுந்து சமையலறை வரைக்கும் போனேன். விளக்கைப் போட்டேன். ரவை டப்பாவைக் கையில் எடுத்தேன்.

திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் மாதுளம்பழம் விற்பான்.